‘சில்ஃப்’ என்ற சொல்லுக்கு ஒரு நல்ல பதிவு வேண்டும்: அகராதித் தொகுப்பாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆங்கிலம்–தமிழ் அகராதிகளையும் கலைக்களஞ்சியங்களையும் தொகுக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் சொல்லிக்கொடுப்பவள். உங்கள் உழைப்பை அன்றாடம் பயன்படுத்துகிறவள். என் மாணவர்களில் பெரும்பாலோர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். பாடத்தில் ஒரு சொல் புரியவில்லை என்றால் கைபேசியில் முதலில் உங்கள் அகராதியைத்தான் திறக்கிறார்கள். நீங்கள் ஒரு சொல்லுக்கு எழுதும் அரை வரி அவர்களுடைய தேர்வுத் தாள்வரை போகிறது. அப்படிப் போகும் ஓர் அரை வரியைப் பற்றித்தான் இந்த மடல்.

சொல், ‘சில்ஃப்’. காற்றில் வாழ்வதாக ஐரோப்பியர் கற்பனை செய்த ஓர் உயிர். இதற்குத் தமிழில் நான் பார்த்த விளக்கங்கள் ‘தேவதை’, ‘மோகினி’, ‘வனதேவதை’, ‘ஒல்லியான அழகி’ என்று போகின்றன. ஓரிடத்தில் ‘கிரேக்கப் புராணத்தில் வரும் காற்றுத் தேவதை’ என்றே இருந்தது. இவற்றில் சில அரைகுறை, சில தவறு. கிரேக்கரிடம் காற்றுகளுக்கு அனெமோய் என்ற தெய்வங்கள் உண்டு, இளந்தென்றலுக்கு ஔராய் என்ற கன்னியர் உண்டு. சில்ஃப் அவர்களிடம் கிடையாது. அந்தச் சொல் பிறந்தது கிரேக்கப் புராணங்களுக்கு இரண்டாயிரம் ஆண்டு பிந்தி, ஜெர்மன் பேசும் நாட்டில், ஒரு மருத்துவரின் மேசையில்.

எனக்கு இந்தச் சொல்லின்மேல் இவ்வளவு பற்று வரக் காரணமே அதுதான். புராண உயிர்களின் பெயர்கள் பெரும்பாலும் எங்கிருந்து வந்தன என்று யாராலும் சொல்ல முடியாது. பேய், பூதம், முனி, இயக்கி எல்லாம் யாரோ எப்போதோ சொல்லத் தொடங்கியவை. சில்ஃப் அப்படியில்லை. அதை எழுத்தில் கொண்டுவந்தவர் யார், எந்த நூலில், என்ன நினைத்து எழுதினார் என்பதெல்லாம் தெரியும். பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கிற சொல்லுக்கு ‘தேவதை’ என்று ஒற்றைச் சொல் போட்டு மூடிவிடுவது பெரிய இழப்பு.

அந்த மருத்துவர் பாராசெல்சஸ். இயற்பெயர் தியோஃபிராஸ்டஸ் ஃபான் ஹோஹன்ஹைம். 1493 வாக்கில் சுவிட்சர்லாந்தின் ஐன்சீடெல்னில் பிறந்தவர். தந்தையும் மருத்துவர். சிறுவயதிலேயே குடும்பம் சுரங்கத் தொழில் நடந்த ஃபில்லாக் பகுதிக்குப் பெயர்ந்தது. இன்றைக்கு அது ஆஸ்திரியாவில் இருக்கிறது. சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரும் நுரையீரல் நோயைப் பற்றித் தனி நூலே எழுதினார் பாராசெல்சஸ். ஒரு தொழிலால் வரும் நோயைப் பற்றிய முதல் நூல் என்று மருத்துவ வரலாற்றில் அதற்கு இடம் உண்டு. 1527இல் பாசல் நகரில் பாடம் நடத்தியபோது லத்தீனைத் தள்ளிவிட்டு மக்கள் பேசும் ஜெர்மனில் நடத்தினார். மதிப்புமிக்க பழைய மருத்துவ நூல் ஒன்றைத் திருநாள் நெருப்பில் தூக்கிப் போட்டார் என்றும் சொல்வார்கள். ஊர் ஊராக அலைந்தார். 1541இல் சால்ஸ்பர்க்கில் இறந்தார்.

அவர் இறந்து 25 ஆண்டு கழித்து, 1566இல், அவருடைய சிறுநூல் ஒன்று அச்சானது. தலைப்பு லத்தீனில், உள்ளே ஜெர்மன். நிம்ஃபுகள், சில்ஃபுகள், பிக்மிகள், சாலமாண்டர்கள், பிற ஆவிகள் பற்றிய நூல் என்பது தலைப்பின் பொருள். முன்னுரையில் அவர் சொல்வது எனக்கு மிகவும் பிடிக்கும். பதக்கங்களை விவரிப்பதைவிட நிம்ஃபுகளை விவரிப்பதில் மகிழ்ச்சி அதிகம், அரசவை நாகரிகத்தைச் சொல்வதைவிட ராட்சதர்களின் தோற்றத்தைச் சொல்வதில் மகிழ்ச்சி அதிகம், வாள்வீச்சைப் பற்றி எழுதுவதைவிட மண்ணுக்கடியில் வாழும் மலைமக்களைப் பற்றி எழுதுவதில் மகிழ்ச்சி அதிகம் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். கடவுளின் படைப்பில் யாரும் கவனிக்காத மூலைகளை எழுதிவைப்பது தன் கடமை என்று நம்பியவர்.

நூலின் வாதம் இதுதான். உலகம் நிலம், நீர், காற்று, தீ என்ற நான்கு மூலங்களால் ஆனது. நான்கில் எதையும் கடவுள் ஆளில்லாமல் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு மக்கள்கூட்டம் இருக்கிறது. நீரில் நிம்ஃபுகள், நிலத்தில் பிக்மிகள், காற்றில் சில்ஃபுகள், தீயில் சாலமாண்டர்கள். இந்தப் பெயர்கள் அவ்வளவு பொருத்தமில்லை என்று அவரே சொல்லிவிட்டு, மாற்றுப் பெயர்களும் தருகிறார்: நீர்மக்களுக்கு உண்டினா, காற்றுமக்களுக்கு சில்வெஸ்ட்ரிஸ், மலைமக்களுக்கு க்னோமி, தீமக்களுக்கு வல்கனி. குழந்தைகள் கதைகளில் கூம்புத் தொப்பியோடு வரும் ‘நோம்’ என்ற குள்ளன் இந்தப் பட்டியலிலிருந்து கிளம்பிப் போனவன்தான்.

இந்த மக்கள் எப்படிப்பட்டவர்கள்? இங்கேதான் ‘தேவதை’ என்ற விளக்கம் முற்றிலும் தடுமாறுகிறது. பாராசெல்சஸ் சொல்வதன்படி அவர்களுக்குச் சதையும் ரத்தமும் உண்டு. உண்கிறார்கள், குடிக்கிறார்கள், பேசுகிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். நோய் வருகிறது, சாகிறார்கள். ஆனால் ஆதாமின் வழிவந்தவர்கள் அல்லர், அவர்களுக்கு ஆன்மா கிடையாது. செத்தால் அதோடு சரி. ஆவியைப் போல வேகமும் மனிதனைப் போல உடலும் கொண்ட ஓர் இடைப்பட்ட இனம் அது. மனிதனை மணந்துகொண்டால் அந்த மணத்தின் வழியாக ஆன்மா பெறலாம் என்று நீர்மக்களின் பெண்களைப் பற்றி எழுதுகிறார். தெய்வம் என்றோ தெய்வத்தின் ஏவல் என்றோ எங்கும் சொல்லவில்லை. யாரும் அவர்களை வணங்கவும் இல்லை. நம் ஊரில் தேவதை என்றால் வரம் தருகிற, கும்பிடத்தக்க ஒருத்தி. அதை இங்கே பொருத்த வழியே இல்லை.

ஒவ்வொரு கூட்டமும் தனக்குரிய மூலத்துக்குள் எப்படி உயிர்வாழ்கிறது என்பதை அவர் விளக்கும் விதம் ஒரு மருத்துவரின் விதம். நமக்குக் காற்று எப்படியோ அப்படி மீனுக்கு நீர். அதுபோல மலைமக்களுக்குப் பாறையே காற்று, அதற்குள்ளேயே நடந்துபோவார்கள். உயிர் வாழ உதவும் இந்தச் சூழலுக்கு அவர் ‘கேயாஸ்’ என்ற கிரேக்கச் சொல்லைப் பயன்படுத்தினார். அடுத்த நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்ற ஃபிளெமிஷ் அறிஞர் அதே கிரேக்கச் சொல்லை அடியாகக் கொண்டு ‘கேஸ்’ என்ற சொல்லை உருவாக்கினார். அவர் பாராசெல்சஸைக் கரைத்துக் குடித்தவர். நம் வீட்டு அடுப்படியில் ‘கேஸ் தீர்ந்துபோச்சு’ என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்கும் சில்ஃபுக்கும் இப்படி ஒரு தூரத்து உறவு இருக்கிறது.

காற்றுமக்களைப் பற்றி அவர் எழுதியதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். நான்கு கூட்டத்தில் நமக்கு மிக நெருங்கியவர்கள் இவர்கள்தான் என்கிறார். காரணம் எளிது: அவர்கள் வாழும் காற்றில்தான் நாமும் வாழ்கிறோம். நீரில் விழுந்தால் நம்மைப்போலவே மூழ்கிச் சாவார்கள், மண்ணுக்குள் மூச்சடைப்பார்கள், தீயில் எரிவார்கள். தோற்றம்? மனிதரைவிட முரடு, பருமன், நெட்டை, வலிமை. ராட்சதர்கள் இவர்களுடைய வம்சத்திலிருந்து பிறக்கிறார்கள் என்றும் எழுதுகிறார். ஆக, முதன்முதலில் எழுத்தில் வந்த சில்ஃப் சிறகு முளைத்த மெல்லிய பெண் அல்ல. காட்டில் திரியும் ஆஜானுபாகுவான ஆள்.

‘காடு’ என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சொல்லின் வேரும் அங்கேதான் போகிறது. லத்தீனில் ‘சில்வா’ என்றால் காடு, ‘சில்வெஸ்ட்ரிஸ்’ என்றால் காட்டுக்குரியது. பாராசெல்சஸ் ‘சில்ஃப்’ என்பதையும் ‘சில்வெஸ்ட்ரிஸ்’ என்பதையும் ஒரே உயிருக்கு மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதால், காட்டுக்குரிய அந்தச் சொல்லையும் ‘நிம்ஃப்’ என்பதையும் இணைத்து இதைச் செய்திருக்க வேண்டும் என்று சொல்லாய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். முன்பாதி காட்டிலிருந்து, வால்பகுதி நீரிலிருந்து. இன்னொரு கருத்தும் உண்டு. கிரேக்கத்தில் ‘சில்ஃபே’ என்று ஒரு பூச்சியின் பெயர் இருக்கிறது. பிணந்தின்னி வண்டுகளின் குடும்பத்துக்கு விலங்கியலில் இன்றும் ‘சில்ஃபிடே’ என்றுதான் பெயர். வண்டு வெளியே வந்து பறப்பதை வைத்துக் காற்று உயிருக்கு அந்தப் பெயர் வந்தது என்று சிலர் சொல்லிப் பார்த்தார்கள். பாராசெல்சஸின் எழுத்தே காட்டைக் காட்டும்போது வண்டைத் தேடிப் போக வேண்டியதில்லை என்பது என் கருத்து. பதிவில் முதல் விளக்கத்தை ‘பெரும்பாலும்’ என்ற சொல்லோடு கொடுத்தால் போதும்.

இடையில் ஒரு செய்தி. நம் ஊர்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் புழங்கும் ‘சில்வியா’ என்ற பெயரும் அதே ‘சில்வா’விலிருந்து வந்தது. 1866இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வான் ஆய்வகத்திலிருந்து நார்மன் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதன் பெயரும் 87 சில்வியா. சில்ஃபின் உறவுக்காரப் பெயர் ஒன்று சென்னையிலிருந்து வானத்துக்குப் போயிருக்கிறது. மாணவர்களுக்கு இதைச் சொன்னால் சொல்லின் வேரை மறக்கவே மாட்டார்கள்.

சரி, அந்தக் காட்டு முரடன் எப்படி மெல்லிய பெண்ணானான்? இதைச் சொல்லாமல் சொல்லின் இன்றைய பொருளை விளக்க முடியாது.

முதல் திருப்பம் பிரான்சில். 1670இல் மோன்ஃபோக்கோன் தெ வில்லார் என்ற பாதிரியார் ‘கபாலிஸ் பிரபு’ என்ற நூலை வெளியிட்டார். மறைஞானி ஒருவர் ஒரு இளைஞனுக்கு ரகசியங்களைச் சொல்லித் தருவதுபோல உரையாடலாக எழுதிய நூல். அதில் காற்று முழுக்க எண்ணற்ற மக்கள் நிறைந்திருக்கிறார்கள். பார்க்கக் கொஞ்சம் மிடுக்கு, பழகினால் இணக்கம், கல்வியில் மிகுந்த விருப்பம், அறிவாளிக்கு உதவி, மூடனுக்குப் பகை. இவர்கள்தான் சில்ஃபுகள். பாராசெல்சஸ் நீர்ப்பெண்களுக்குச் சொன்ன மணவழி இங்கே எல்லாக் கூட்டத்துக்கும் பொதுவாகிறது. மனிதரோடு கூடினால் அவர்களுக்கு அழியாமை கிடைக்கும், ஆகையால் ஞானி மனிதப் பெண்ணை விட்டு இவர்களை மணக்க வேண்டும் என்கிறார் பிரபு.

இந்த நூலில் வரும் ஒரு பகுதியை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு சொல் பழைய கதைகளை எப்படி விழுங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியோன் நகரில் அகோபார்ட் என்ற ஆயர் இருந்தார். ஆலங்கட்டி மழையையும் இடியையும் பற்றி அவர் எழுதிய கட்டுரை கிடைக்கிறது. அவருடைய மக்களிடையே ஒரு நம்பிக்கை இருந்தது: மகோனியா என்று மேகங்களுக்கு மேலே ஒரு நாடு இருக்கிறது, அங்கிருந்து கப்பல்கள் மேகத்தில் மிதந்து வருகின்றன, ஆலங்கட்டி மழையில் விழுந்த விளைச்சலை அந்த மாலுமிகள் ஏற்றிக்கொண்டு போகிறார்கள், மழையை வரவழைக்கும் மந்திரவாதிகளுக்கு அதற்குக் கூலி கொடுக்கிறார்கள். ஒருநாள் மூன்று ஆண்களையும் ஒரு பெண்ணையும் கட்டி இழுத்து வந்தது கூட்டம். இவர்கள் அந்தக் கப்பலிலிருந்து விழுந்தவர்கள், கல்லால் அடித்துக் கொல்ல வேண்டும் என்றது. அகோபார்ட் வாதாடி, இந்த நம்பிக்கையே பொய் என்று நிறுவினார். பயிர் போன விவசாயியின் ஆத்திரமும், நான்கு அப்பாவி உயிர்களும் நேருக்கு நேர் நின்ற இடம் அது.

அகோபார்ட் எழுதியதில் சில்ஃப் என்ற சொல் கிடையாது, இருக்கவும் முடியாது. எண்ணூற்றைம்பது ஆண்டு கழித்து வில்லார் அதே கதையை எடுத்து, அந்த வான்கப்பல்களில் வந்தவர்கள் சில்ஃபுகள் என்று எழுதிவிட்டார். பிறகு வந்தவர்கள் ‘9ஆம் நூற்றாண்டிலேயே சில்ஃப் நம்பிக்கை இருந்தது’ என்று எழுதத் தொடங்கினார்கள். கலைக்களஞ்சியத்தில் இந்தத் தவறு நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம்பிக்கை பழையது, சொல் புதியது. பதிவில் இரண்டையும் தனித்தனியே வைக்க வேண்டும்.

அடுத்த திருப்பம் லண்டனில், என் மாணவர்களின் பாடப்புத்தகத்துக்கு நேராக வருவது. அலெக்சாண்டர் போப் ஒரு கூந்தல்சுருளைக் கத்தரித்த சின்னத் தகராறை வைத்து, காவிய நடையில் ஒரு அங்கதக் கவிதை எழுதினார். 1712இல் வந்த முதல் வடிவம் இரண்டே காண்டம், அதில் சில்ஃபுகள் இல்லை. 1714இல் ஐந்து காண்டமாக விரித்தபோதுதான் அவர்களைக் கொண்டுவந்தார். கபாலிஸ் நூலிலிருந்து எடுத்தேன் என்று முகப்புக் கடிதத்தில் அவரே சொல்கிறார். நம் பல்கலைக்கழகங்களில் பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறவர்கள் பலரும் இந்தக் கவிதையைத் தாண்டித்தான் வர வேண்டும்.

போப்பின் சில்ஃபுகள் இறந்துபோன பெண்களின் மறுவடிவம். கோபக்காரி தீக்குள் போய்ச் சாலமாண்டர் ஆகிறாள். இளகிய மனசுக்காரி நீருக்குப் போகிறாள். கறாரான சிடுசிடுப்புக்காரி மண்ணுக்குள் நோம் ஆகிறாள். சிரித்துப் பேசி யாரிடமும் சிக்காமல் வாழ்ந்தவள் காற்றில் ஏறிச் சில்ஃப் ஆகிறாள். அவர்கள் விரும்பிய உருவமும் விரும்பிய பாலும் எடுக்கலாம். தலைவன் ஏரியல். கதைநாயகி பெலிண்டாவைக் காக்க அவன் வேலை பிரிக்கும் இடத்தை வகுப்பில் நிறுத்தி நிதானமாக வாசிப்பேன். விசிறிக்கு செஃபிரெட்டா, காதணிக்கு பிரில்லாந்தே, கைக்கடிகாரத்துக்கு மொமெண்டில்லா, கூந்தல்சுருளுக்கு கிரிஸ்பிஸ்ஸா, பாவாடைக்கு ஐம்பது பேர், நாய்க்குட்டிக்கு ஏரியலே நேரில். அப்புறம் கத்தரிக்கோல் நெருங்குகிறது. குறுக்கே பாய்ந்த ஒரு சில்ஃப் இரண்டாக வெட்டுப்படுகிறது. காற்றுடல் ஆனதால் உடனே ஒட்டிக்கொள்கிறது. சுருள் மட்டும் போய்விடுகிறது.

இதைப் படிக்கிற மாணவி அகராதியில் ‘தேவதை’ என்று பார்த்தால் என்ன ஆகும்? ‘பெலிண்டாவைத் தேவதைகள் காப்பாற்றின, அவள் பக்தி மிகுந்தவள்’ என்று விடைத்தாளில் எழுதுகிறாள். அப்படி எழுதிய தாள்களைத் திருத்தியிருக்கிறேன். அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கவிதையின் முழு நகைப்பும், அற்பக் காற்றுயிர்கள் அற்பப் பொருட்களுக்குக் காவல் நிற்பதில் இருக்கிறது. தேவதை என்றதும் அந்த நகைப்பு செத்துப்போகிறது. அதே கவிதையில் கெட்ட வேலை செய்யும் உம்பிரியல் என்ற நோமுக்கும் அகராதி ‘பூதம்’ என்கிறது. இருவரும் ஒரே குடும்பத்து நால்வரில் இருவர் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

கடைசித் திருப்பம் மேடையில். 1832 மார்ச் 12 அன்று பாரிஸ் ஓப்பெராவில் ‘லா சில்ஃபீத்’ என்ற பாலே அரங்கேறியது. பிரெஞ்சில் ஆணுக்கு ‘சில்ஃப்’, பெண்ணுக்கு ‘சில்ஃபீத்’. நடன அமைப்பு ஃபிலிப்போ தாலியோனி, ஆடியவர் அவருடைய மகள் மரி தாலியோனி. கதையை எழுதிய அடால்ஃப் நூரி என்ற பாடகர், ஷார்ல் நோதியேவின் 1822ஆம் ஆண்டுக் கதையிலிருந்து பொறியை எடுத்தார். அந்தக் கதையில் வீட்டுக்காரியை விரும்பும் ஆவி ஆண். நூரி அதைத் திருப்பிப் போட்டு ஆவியைப் பெண்ணாக்கினார். ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் என்ற இளைஞன் தன் கல்யாண நாளன்று ஒரு சில்ஃபீதைக் கண்டு மயங்கி, அவள் பின்னாலேயே காட்டுக்குப் போகிறான். அவள் கைக்கு அகப்படுவதில்லை. சூனியக்காரி மேட்ஜ் கொடுத்த சால்வையை அவள்மேல் போர்த்துகிறான். சிறகுகள் உதிர்கின்றன, அவள் சாகிறாள். மரி தாலியோனி கால்விரல் நுனியில் நின்று, வெள்ளை மெல்லுடையில், பாரமே இல்லாதவள்போல ஆடினார். பிறகு வந்த பாலேக்களின் உடையும் பாணியும் அந்த ஆட்டத்திலிருந்து வளர்ந்தன. அதற்குப்பின் ஐரோப்பியர் மனத்தில் சில்ஃப் என்றாலே சிறகு, வெள்ளை, பெண் என்று படிந்துபோனது. ஒல்லியாக நளினமாக இருக்கும் பெண்ணைச் சில்ஃப் என்று சொல்லும் ஆங்கில வழக்கு 19ஆம் நூற்றாண்டில் பரவியதும் இந்தப் பின்னணியில்தான்.

1836இல் டென்மார்க்கில் ஆகஸ்ட் புர்னோன்வில் அதே கதையை வேறு இசையில் அமைத்தார். இன்று அதிகம் ஆடப்படுவது அதுதான். 1909இல் மிகயீல் ஃபோக்கின் ஷோப்பானின் இசைக்கு அமைத்து பாரிசில் காட்டிய ‘லே சில்ஃபீத்’ வேறு படைப்பு. அதில் கதையே கிடையாது. ‘லா’ ஒருமை, ‘லே’ பன்மை. இரண்டையும் ஒன்றாக்கி எழுதிய தமிழ்க் குறிப்புகளைப் பார்த்திருக்கிறேன். கலைக்களஞ்சியத்தில் இரண்டு தனிப் பதிவுகள் தேவை.

இனி தமிழில் என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். நம்மிடம் வானில் பறக்கும் உயிர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள், அழகாகவே இருக்கிறார்கள். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் வெள்ளிமலைச் சேடி நகரத்து விஞ்சையன் தன் காதலியோடு புகாருக்கு வந்து இந்திர விழாவையும் மாதவியின் பதினோர் ஆடலையும் காட்டுகிறான். மணிமேகலையில் காயசண்டிகை என்ற விஞ்சைப் பெண், முனிவர் ஒருவர் தேக்கிலையில் வைத்திருந்த நாவற்கனியைக் காலால் மிதித்துவிட்டு, பறக்கும் மந்திரத்தை மறக்கவும் யானைத்தீ என்ற அடங்காப் பசியில் பன்னிரண்டு ஆண்டு வாடவும் சாபம் பெறுகிறாள். சில்ஃபுக்கு ‘விஞ்சையர்’ என்று போடலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். எனக்கு உடன்பாடில்லை. விஞ்சையர் என்ற பெயரே வித்தை என்பதிலிருந்து வந்தது. அவர்கள் பறப்பது மந்திரத்தால். அதை மறந்தால் காயசண்டிகையைப் போல மண்ணில் நடக்க வேண்டியதுதான். சில்ஃபுக்குக் காற்று கற்ற வித்தை அல்ல, பிறந்த வீடு. விஞ்சையரைக் கொண்டுவந்து இங்கே வைத்தால் இரண்டு மரபுமே கெட்டுப்போகும். கந்தருவர், இயக்கர் என்பவற்றுக்கும் இதே தடைதான்.

ஆனால் ஒரு தமிழ்ச் சொல் பாராசெல்சஸின் நினைப்புக்கு வியப்பூட்டும் அளவுக்குக் கிட்டத்தில் நிற்கிறது. அது பூதம். ஐம்பூதம் என்னும்போது அது நிலம், நீர், தீ, காற்று, வானம். சதுக்கப்பூதம் என்னும்போது அது ஓர் உயிர். மூலப்பொருளுக்கும் உயிருக்கும் ஒரே பெயர் வைத்திருக்கும் மொழி நமது. பாராசெல்சஸ் ஒரு நூல் முழுக்க விளக்கிய தொடர்பைத் தமிழ்க் காது ஒரே சொல்லில் கேட்டுவிடும். அதற்காகத் தலைச்சொல்லையே ‘வளிப்பூதம்’ என்று மாற்றச் சொல்லவில்லை. இன்றைக்குப் பூதம் என்றால் குழந்தைக்குத் தொந்தி வயிறும் கோரைப்பல்லும்தான் நினைவுக்கு வரும், தாலியோனியின் ஆட்டம் வராது. விளக்கத்துக்குள் ஓரிடத்தில் இந்த ஒப்புமையைச் சொன்னால் படிப்பவருக்கு ஒரு கதவு திறக்கும், அவ்வளவே.

தலைச்சொல் ‘சில்ஃப்’ என்றே இருக்கட்டும். பன்மை ‘சில்ஃபுகள்’. விளக்கம் இப்படி இருக்கலாம் என்று எழுதிப் பார்த்தேன்: ‘ஐரோப்பியக் கற்பனையில் காற்றைத் தன் இருப்பிடமாகக் கொண்ட, மனிதரைப் போன்ற, ஆன்மா இல்லாத உயிர், நான்கு பூதங்களுக்குரிய நான்கு இனங்களில் ஒன்று. பாராசெல்சஸின் நூலில் (அச்சு 1566) முதலில் வருவது. பெரும்பாலும் லத்தீன் சில்வெஸ்ட்ரிஸ், நிம்ஃபா ஆகியவற்றின் இணைப்பு. தொடக்கத்தில் காட்டுக்குரிய முரட்டு உருவம். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் மெல்லிய, சிறகுள்ள பெண்ணுருவம். 2. ஒல்லியான, நளினமான பெண். 3. தென் அமெரிக்க ஆண்டீஸ் மலைத்தொடரில் வாழும் நீண்ட வாலுள்ள தேன்சிட்டு வகைகள் சில.’ கடைசியில் சொன்ன பறவையை ‘தேவதைச் சிட்டு’ என்று மொழிபெயர்த்த குறிப்பும் என் கண்ணில் பட்டது, அதனால் சேர்த்தேன். நம் ஊர்த் தேன்சிட்டு வேறு குடும்பம் என்பதால் ‘ஹம்மிங்பேர்ட்’ என்று போடுவது இன்னும் சரி.

இது நீளம் என்று தோன்றலாம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் 1924இலிருந்து 1936வரை தொகுதி தொகுதியாக வந்தபோது, அச்சுக் கோக்கும் காலத்திலேயே சொல்லின் மூலத்தையும் இலக்கிய எடுத்துக்காட்டையும் விடாமல் கொடுத்தது. திரையில் இடத்துக்குப் பஞ்சமில்லாத காலத்தில் மூன்று வரி கூடுதலாகக் கேட்பது அதிகம் ஆகாது.

உங்களிடம் இன்னொரு வேண்டுகோள். இந்த நால்வரையும் ஒருவரோடு ஒருவர் இணைத்துவிடுங்கள். உண்டீன், நோம், சாலமாண்டர், சில்ஃப் என்ற நான்கு பதிவிலும் மற்ற மூன்றுக்கும் ‘காண்க’ என்ற குறிப்பு வேண்டும். இப்போது நோமுக்கு ‘குட்டிச்சாத்தான்’ என்றும், சாலமாண்டருக்கு ‘பல்லி போன்ற நீர்நில வாழ்வி’ என்று மட்டும், உண்டீனுக்கு ‘கடல்கன்னி’ என்றும் கிடக்கிறது. சாலமாண்டருக்கு விலங்கின் பொருளும் சரியே, அது பழைய கிரேக்கச் சொல். ஆனால் தீயில் வாழும் உயிர் என்ற இரண்டாம் பொருள் இல்லாவிட்டால் போப்பின் வரி புரியாது. உண்டீன் லத்தீனில் அலை என்று பொருள்படும் ‘உண்டா’விலிருந்து வந்தது, மீன்வால் அதற்குக் கட்டாயமில்லை. வீடியோ கேம்களிலும் அனிமேக்களிலும் இந்த நான்கு பெயரும் சேர்ந்தேதான் வருகின்றன. பள்ளிப் பிள்ளைகள் அங்கே இவற்றைக் கேட்டுவிட்டுத் தேடும்போது, தமிழில் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத நான்கு சொற்கள்தான் கிடைக்கின்றன.

சிறுவர் நூல்களை மொழிபெயர்ப்பவர்களும் இந்த மடலைப் படித்தால் ஒன்று சொல்ல வேண்டும். ஆண்டர்சன் 1837இல் எழுதிய கடல்கன்னிக் கதை அவள் நுரையாகிக் கரைவதோடு முடிந்துவிடுவதில்லை. ‘காற்றின் மகள்கள்’ அவளைத் தங்களோடு சேர்த்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கும் பிறப்பில் ஆன்மா கிடையாது, முந்நூறு ஆண்டு நல்ல செயல்கள் செய்து அதைச் சம்பாதிக்கலாம். பாராசெல்சஸ் எழுப்பிய அதே கேள்வி, மணத்துக்குப் பதில் நற்செயல் என்ற விடையோடு அங்கே நிற்கிறது. பல சுருக்கப் பதிப்புகளில் இந்தப் பகுதியை ‘தேவதைகள் வந்து சொர்க்கத்துக்கு அழைத்துப் போயின’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். தயவுசெய்து ‘காற்றின் மகள்கள்’ என்றே போடுங்கள், முந்நூறு ஆண்டையும் விடாதீர்கள்.

அகராதியில் திருத்தம் அனுப்பும் வழி இருந்தால் மேலே தந்த விளக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், சுருக்கலாம். என் பெயர் எங்கும் வர வேண்டாம். சுருக்குவதாக இருந்தால் ‘ஆன்மா இல்லாத’ என்ற சொற்களை மட்டும் வெட்டிவிடாதீர்கள். வரும் பருவத்தில் போப்பின் கவிதையை மறுபடி நடத்தப் போகிறேன், அதற்குள் பதிவு மாறியிருந்தால் என் மாணவர்களுக்கு உதவும்.

நன்றியுடன்,
ஓர் ஆங்கில இலக்கிய ஆசிரியை